வராத பிள்ளையும் வரவு இடாப்பும்

பிள்ளை பாடசாலைக்கு வராவிடின் இடாப்பில் ஒரு குறியிட்டு, நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிடுகிறோம். 5 வயதுமுதல் 14 வயதுவரை கல்வி கட்டாயமென இலங்கையில் 1998 இல் நடைமுறைக்கு வந்த விதி, 2016 இல் 16 வயதுவரை நீட்டப்பட்டது. விதி நன்றே, அதனை நான் பழித்தேனல்லேன். ஆயின், விதி பெற்றோரைப் பிணிக்கிறது. பிள்ளை வராத காரணத்தை அறிவது யார் கடன்?

மாரிகாலத்தில் அடிக்கடி வராதிருந்த மாணவனொருவனை ஒருமுறை வகுப்பறையிலே கடிந்துகொண்டேன். "வெள்ளைச் சட்டை ஒண்டுதான் சேர், தோய்ச்சது காயேல்லை" என்றான். அன்று தலைகுனிந்தவன் நானே. மூன்றாண்டு பாடஞ் சொல்லியும் அவன் வீட்டை நான் அறிந்திலேன்.

வராத பிள்ளையைத் தண்டிக்குமுன், ஆசிரியர் ஒருமுறை அவன் வீட்டுப் படலையைத் திறக்கட்டும்.