பெயரில் மூன்று மொழி உள்ள ஊர்

இடம்பெயர்வது எங்கள் சனத்துக்கு மட்டும் வந்த விதி அல்ல. இம்முறை ருமேனியாவின் மேற்கே, பனாற் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தைப் பற்றி எழுதுகிறேன். அதன் பெயர் நிற்ஸ்கிடோர்ப்.

1718 இல் பனாற் துருக்கியரிடம் இருந்து ஒஸ்திரியாவின் கைக்கு வந்தது. போரால் சனம் குறைந்த, சதுப்பும் காய்ச்சலும் நிறைந்த பூமி. 1782 இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், குடியேறுவோருக்கு வீடு, காணி, 10 வருட வரிவிலக்கு என்று அறிவித்தார். ஜேர்மன் பேசும் ஏழைக் கமக்காரர் புறப்பட்டார்கள். 1784 இல் இந்த ஊர் எழுந்தது. நிற்ஸ்கி என்பது ஒரு ஹங்கேரியப் பிரபுவின் பெயர். டோர்ப் என்றால் ஜேர்மனில் கிராமம்.

அந்த மக்களிடம் ஒரு சொல்வழக்கு உண்டு: முதல் தலைமுறைக்குச் சாவு, இரண்டாவதுக்குப் பஞ்சம், மூன்றாவதுக்குத்தான் பாண்.

பாண் கிடைத்த பிறகு அரசுகள் மாறின. 1867 இற்குப் பின் ஹங்கேரிய ஆட்சி மொழியில் கைவைத்தது. பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குள் ஹங்கேரிய மொழி பேசவும் எழுதவும் வேண்டும் என்று 1907 இல் சட்டம் வந்தது. 1920 இல் ஊர் ருமேனியாவுக்குரியதானது. வீட்டில் மட்டும் ஜேர்மன் பேச்சு மாறவில்லை.

அந்தப் பேச்சே 1945 தை மாதத்தில் குற்றமானது. ருமேனியாவில் இருந்த ஜேர்மன் இனத்தவரில் சுமார் 70,000 பேரை, 17 முதல் 45 வயது ஆண்களையும் 18 முதல் 30 வயதுப் பெண்களையும், சோவியத் நாட்டுக்குக் கட்டாய வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். அப்படிப் போய் ஐந்து வருடம் முகாமில் இருந்த ஒரு தாயின் மகள்தான், 1953 இல் இவ்வூரில் பிறந்த எழுத்தாளர் ஹேர்ற்றா முல்லர். 1987 இல் மேற்கு ஜேர்மனிக்குப் போனார். 2009 இல் நோபல் பரிசு பெற்றார்.

சௌசெஸ்கு காலத்தில் மேற்கு ஜேர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து இச்சனத்தை எடுப்பித்தது. 1989 இற்குப் பின் மிச்சப்பேரும் போனார்கள். இருநூறு வருடம் ஜேர்மன் மொழியைக் காத்து வந்தவர்களைப் பார்த்து, ஜேர்மனியில் பலர் "ருமேனியர்" என்றார்கள்!

இன்று அவ்வூரில் பெரும்பாலும் ருமேனியர்தான். ஆனாலும் ஊர்ப்பெயரில் ஹங்கேரியப் பிரபு இருக்கிறார், ஜேர்மன் கிராமம் இருக்கிறது, எழுத்து ருமேனிய எழுத்து.

எங்கள் பிள்ளைகள் இந்நாட்டு மொழியைப் பள்ளிக்கூடத்தில் எப்படியும் படிப்பார்கள். தமிழுக்கு வீட்டை விட்டால் வேறு இடமில்லை. அடுத்த இதழில் சந்திப்போம்.