நெஞ்சில் வாசகம், நூலில் விஷம்

1984 மார்ச். லண்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சர் தம் இல்லத்தில் ஃபேஷன் டிசைனர்களுக்கு விருந்தளித்தார். அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் கேதரின் ஹாம்னெட். மேல்கோட்டை இறுக்கிப் பிடித்தபடி உள்ளே போன அவர், பிரதமர் கைகுலுக்க வந்த நேரம் பார்த்து கோட்டைத் திறந்தார். உள்ளே தொளதொளவென்று ஒரு டி-ஷர்ட். அதில் பெரிய கறுப்பு எழுத்துகளில், 58 சதவீத மக்களுக்குப் பெர்ஷிங் ஏவுகணை வேண்டாம் என்ற வாசகம். குனிந்து படித்த தாட்சர் கோழியைப் போலக் கிறீச்சிட்டார் என்று ஹாம்னெட் பிற்பாடு நினைவுகூர்ந்தார். புகைப்படம் உலகைச் சுற்றி வந்தது. பனியன் துணி அன்று போஸ்டர் ஆனது.

1947இல் பிறந்த ஹாம்னெட், விமானப்படை அதிகாரியின் மகள். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்தவர். 1979இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அவருக்கு உந்துதல் தந்தவை அரண்மனை உடுப்புகள் அல்ல. ராணுவ உடைகள், தொழிலாளர்களின் அங்கிகள், பாராசூட் பட்டு இவைதான். 1983இல் வந்த அவருடைய முதல் வாசக டி-ஷர்ட்டுகளில் பெயர் பெற்றது, வாழ்வைத் தேர்ந்தெடு என்று பொருள்படும் ‘சூஸ் லைஃப்’. பௌத்த சிந்தனையிலிருந்து எடுத்தது. மறு ஆண்டே ‘வாம்!’ இசைக் குழுவினர் அதை அணிந்து வீடியோவில் ஆட, தெருவுக்குத் தெரு நகல்கள் முளைத்தன. ஹாம்னெட் வருத்தப்படவில்லை. காப்பியடித்தால் செய்தி பரவும் என்பதே அவர் கணக்கு.

அவரை உலுக்கியது வேறொரு கணக்கு. 1989இல், தன் தொழில் சுற்றுச்சூழலை எவ்வளவு பாதிக்கிறது என்று ஆராயச் சொன்னார். பெரிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்தார். கைக்கு வந்ததோ பூச்சிக்கொல்லியால் சாகும் பருத்தி விவசாயிகளின் கதை. வாழ்வைத் தேர்ந்தெடு என்று மார்பில் எழுதிய பனியனுக்கே யாரோ உயிரை விலையாகத் தருகிறார்கள்! உரிமம் பெற்று அவர் பெயரில் ஆடை தயாரித்தவர்களிடம் மாறச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. கடைசியில் உரிம ஒப்பந்தங்களை விட்டு விலகினார், வருமானமும் போயிற்று. 2003இல் ஆக்ஸ்ஃபாம் அமைப்புடன் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போய்ப் பருத்தி விவசாயிகளைச் சந்தித்தார். 2005இல் இயற்கைப் பருத்தியை வைத்து மீண்டும் தொடங்கினார், சிறிய அளவில்.

இந்தக் கணக்கில் இந்தியாவின் பங்கு பெரிது. 1990களில் நாட்டின் சாகுபடி நிலத்தில் சுமார் 5 சதவீதத்தில்தான் பருத்தி. பூச்சிக்கொல்லியில் ஏறக்குறையப் பாதியை விழுங்கியதும் அதுவே. 2002இல் பி.டி. பருத்தி வந்தபின் மருந்தடிப்பு குறைந்தது. ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது. தெளிப்பான்கள் மீண்டும் தோளேறின. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்தடிக்கும்போது நச்சேறி 20க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் இறந்தார்கள். முகமூடியில்லை, கையுறையில்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்த செடிகளுக்கு நடுவே நின்று அடித்தார்கள்.

வயலைத் தாண்டினால் சாயப்பட்டறை. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூருடையது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். துணி வெளுத்து வந்தபின் அந்த உப்பும் மிச்சச் சாயமும் நொய்யலில் கலந்தன. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனைக்கு உட்பட்டவையே திரும்ப இயங்கின. நீரைச் சவ்வில் வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து உப்பை மீட்க நிறைய மின்சாரமும் பணமும் ஆகிறது. இந்தச் செலவில் எவ்வளவு பங்கை ஏற்கிறீர்கள் என்று கேட்டால், வெளிநாட்டு பிராண்டுகள் பல மௌனம் சாதிக்கின்றன.

அப்படியானால் பொறுப்பான தயாரிப்பு என்பதற்கு அத்தாட்சி என்ன? சான்றிதழா? அதிலும் ஓட்டை உண்டு. 2020இல், இயற்கைப் பருத்திக்கு முத்திரை தரும் ‘காட்ஸ்’ என்ற சர்வதேச அமைப்பே, இந்தியாவிலிருந்து 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழ்களுடன் வந்ததைக் கண்டுபிடித்தது. வாசகத்தைக் காப்பியடிப்பது போலவே முத்திரையையும் காப்பியடிக்கிறார்கள்.

ஹாம்னெட்டின் அனுபவம் சொல்வது இதைத்தான்: மார்பில் எழுதுவது சுலபம், நூலில் எழுதுவது கடினம். அதற்கு விதை வாங்குவதிலிருந்து தையல்காரரின் சம்பளச் சீட்டு வரை பின்தொடர வேண்டும். விலையும் கொஞ்சம் ஏறும். ஐந்து மலிவு பனியன்கள் வாங்கும் இடத்தில் இரண்டு நல்ல பனியன்களை வாங்கி, அவற்றைச் சாயம் வெளுக்கும் வரை போட்டுக்கொள்ள வாடிக்கையாளரும் தயாராக வேண்டும்.

1984இல் அந்த டி-ஷர்ட்டைப் படிக்கத் தாட்சர் குனிய வேண்டியிருந்தது. இன்று கடையில் நிற்பவர் சட்டையைத் திருப்பி, கழுத்துப்பட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. விலைச் சீட்டைப் படிக்கும் அக்கறையோடு அதையும் படித்தால், கடைக்காரருக்குக் கேள்வி வரும். கேள்வி வந்தால் வயலுக்கும் போய்ச் சேரும்.