முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்!

கேள்வி: உளுந்து விதைத்து 28 நாள் ஆகிறது. ரைசோபியம் விதைநேர்த்தி செய்தும் அடி இலைகள் வெளுக்கின்றன. உரக்கடைக்காரர் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போடச் சொல்கிறார். போடலாமா?
- ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: அவசரப்பட வேண்டாம். வயலில் நான்கைந்து இடங்களில் செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். பிறகு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்.

காற்றில் 78 சதவிகிதம் தழைச்சத்துதான். அதை உரமாக்க ஆலைகளில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் கடும் அழுத்தமும் தேவை. ரைசோபியம் அதே வேலையை 'நைட்ரோஜினேஸ்' என்ற நொதியைக் கொண்டு, உங்கள் வயல் மண்ணிலேயே முடித்துவிடுகிறது. இந்த நொதிக்குப் பிராணவாயு ஆகாது. பாக்டீரியா மூச்சுவிடவோ பிராணவாயு வேண்டும். அதனால் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள் முடிச்சுக்குள் உருவாகி, பிராணவாயுவை அளந்து கொடுக்கிறது. எனவே,

* உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நொதி வேலை செய்கிறது. யூரியா வேண்டாம்.
* பச்சை அல்லது பழுப்பாக இருந்தால் வேலை நின்றுவிட்டது. தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, உடனே வடித்துவிடுங்கள்.
* முடிச்சே இல்லையென்றால் நேர்த்தி பலிக்கவில்லை. பூக்கும்போதும், அடுத்த 15 நாள் கழித்தும் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி, மாலையில் தெளிக்க வேண்டும்.

முடிச்சுள்ள பயிருக்கு யூரியாவை அள்ளிப் போட்டால், சும்மா கிடைக்கும் தழைச்சத்தைக் கண்ட செடி, பாக்டீரியாவுக்குத் தரும் சர்க்கரையைக் குறைத்துவிடும். முடிச்சு ஓய்ந்துவிடும். பணியில் சேர்ந்த புதிதில், வேரைப் பார்க்காமலே நானும் ஒருவருக்கு யூரியா போடச் சொன்னேன். செடி தளதளவென்று வளர்ந்தது, காய்தான் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து வேரைப் பார்க்காமல் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

அடுத்த போகத்தில், ஏக்கருக்கான 8 கிலோ விதைக்குப் பயறு வகைக்கான ரைசோபியம் ஒரு பொட்டலம் (200 கிராம்) போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் 15 நிமிடம் உலர்த்தி, உடனே விதையுங்கள். பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்வதானால் அதை முதல்நாளே முடித்துவிடுங்கள். காலாவதி தேதி தாண்டிய பொட்டலமும், வெயிலில் கிடந்த பொட்டலமும் வெறும் கரித்தூள்தான். அதில் உயிர் இருக்காது.