ஸ்க்ரூடிரைவர் வைத்தியம்

"ஐட்லிங் நிக்கலையா? கார்புரேட்டர்தான் சார்." மெக்கானிக், ஓனர், ஆக்டிங் டிரைவர், வண்டியே வைத்திராத பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் தீர்ப்பு இது. மாருதி 800, அம்பாசடர், பத்மினி என எதுவாக இருந்தாலும் சரி, பானெட் திறந்ததும் ஸ்க்ரூடிரைவர் நேராக அங்கேதான் போகிறது. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினால் இன்ஜின் உறுமிக்கொண்டு நிற்கிறது. பத்து நாளில் அதே வண்டி சிக்னலில் மறுபடி குலுங்குகிறது. அப்போதும் யாரும் தீர்ப்பைச் சந்தேகிப்பதில்லை. "கார்புரேட்டர் போயிருச்சு, மாத்திரலாம்" என்று புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

கார்புரேட்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. ஜெட்டில் தூசு அடைக்கும், மிதவை ஊசி தேயும். ஆனால் அது கடைசியாக விசாரிக்க வேண்டிய ஆள். நாம் முதலில் பிடித்து உள்ளே வைத்துவிட்டு, உண்மையான திருடனை வெளியே உலவ விடுகிறோம்.

இந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் பெரிய ஆதாரம், "ஓட்டும்போது நல்லாத்தான் இருக்கு, நின்னாத்தான் பிரச்சினை" என்பது. கொஞ்சம் யோசித்தால் அது காட்டும் திசையே வேறு. ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. நிமிடத்துக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் சுற்று ஓட வேண்டிய அளவுக்கு மட்டும் காற்று உள்ளே போகிறது. மேனிஃபோல்டில் வேக்குவம் 18 அங்குலப் பாதரசத்துக்கும் மேல் இழுக்கிறது. அந்த இழுப்பில், வெயிலில் காய்ந்து வெடித்த ஒரு ரப்பர் ஹோஸோ கார்புரேட்டருக்கு அடியில் வளைந்துபோன ஒரு பேக்கிங்கோ போதும், கணக்கில் வராத காற்று புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உள்ளே போகும் காற்று பல மடங்கு கூடுகிறது. கசிவு அதே அளவுதான் என்பதால் கூட்டத்தில் காணாமல் போகிறது. ஓடும்போது நன்றாக இருப்பது கார்புரேட்டருக்கு எதிரான சாட்சி ஆகாது. ஏர் இழுக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லும் சாட்சி அது.

அடுத்து டேப்பெட். இதைப் பற்றி நம் ஊரில் நிலவும் எண்ணம் இன்னும் மோசம்: சத்தம் வந்தால்தான் கோளாறாம். லூசான டேப்பெட் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து, சத்தமே போடாத டேப்பெட்டில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டில் மெல்ல மெல்ல உள்ளே அமிழ, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்று சூடேறியதும் வால்வுத் தண்டு நீள்கிறது, மிச்சமிருந்த இடைவெளியும் போய்விடுகிறது, வால்வு முழுதாக மூடுவதில்லை. கம்ப்ரஷன் கசிகிறது, ஐட்லிங் தடுமாறுகிறது. "சூடானா கார்புரேட்டர் மக்கர் பண்ணுது" என்கிறோம். 1489 சிசி அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இதில் கூடுதல் சிக்கல். ஒரு காலத்தில் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்குக் காப்பாக இருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். நம் நுரையீரலுக்கு நல்லது, அந்த சீட்டுக்கு அல்ல. கேஸ் கிட் பொருத்திய வண்டிகளில் இந்தத் தேய்மானம் இன்னும் வேகம்.

இக்னிஷனைச் சொல்லவே வேண்டாம். மாருதி 800-இல் மூன்றே சிலிண்டர். 800 சுற்றில் மூன்றும் சேர்ந்து நொடிக்கு 20 முறை வெடிக்கின்றன. ஒரு பிளக் ஒயர் பழுதாகி மிஸ்ஸிங் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், வண்டியே ஆடும். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பது எல்லா ஷெட்டிலும் தெரிந்த பழைய வித்தைதான் (காப்பிட்ட பிளையர் வேண்டும், கழற்றிய ஒயரை எர்த் செய்ய வேண்டும்). எதைக் கழற்றினால் ஓட்டம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாமல் கிடக்கிறது. தெரிந்தும் செய்வதில்லை.

சரி, ஸ்க்ரூவை முறுக்கினால் வண்டி நிற்கத்தானே செய்கிறது என்பார்கள். எப்படி நிற்கிறது? த்ராட்டில் தகடு கூடுதலாகத் திறந்து, ஐட்லிங்குக்குப் பிறகு வேலை செய்ய வேண்டிய துளைகள் இப்போதே வெளிப்பட்டு அவற்றின் வழியாகப் பெட்ரோல் வருகிறது. அதற்குப் பிறகு மிக்ஸர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் கண்டுகொள்ளாது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸும் பல வண்டிகளில் நிற்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிடும். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் தானாக இரண்டு, மூன்று முறை உதறி ஓடும். ஒரு கோளாறோடு வந்த வண்டி மூன்று கோளாறோடு வீடு திரும்புகிறது.

எம்பிஎஃப்ஐ வந்ததும் இந்தப் பழக்கம் ஒழியும் என்று நினைத்தால், ஸ்க்ரூடிரைவரின் இடத்துக்கு கிளீனர் டப்பா வந்திருக்கிறது. த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், பிறகு பில். ஆர்பிஎம் முள் ஊஞ்சலாடினால் அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது காற்றுக் கசிவைத்தான்.

பழியை மெக்கானிக் தலையில் மட்டும் போட எனக்கு மனமில்லை. வேக்குவம் கேஜை மாட்டி ஒரு மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி நோய்கள் தெரிந்துவிடும். நிலையாக நிற்கும் முள், ஒரே சீராகத் துடிக்கும் முள், தாழ்ந்து கிடக்கும் முள் ஒவ்வொன்றும் ஒரு கதை சொல்லும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? "என்ன பார்ட் மாத்தினீங்க?" என்றுதான் கேட்கிறோம். பத்து ரூபாய் ஹோஸைக் கண்டுபிடித்தவருக்கு ஐந்நூறு தர மனம் வராது. புது கார்புரேட்டரைக் கண்ணில் காட்டினால் ஆயிரங்களை எடுத்து வைப்போம்.

எதிர்த்தரப்புக்கு ஓர் இடம் விட்டுத்தான் ஆக வேண்டும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரியக் குறைவான காற்றே போதும் என்பதால், சுத்தப் பெட்ரோலுக்கு அளந்து வைத்த பழைய கார்புரேட்டரில் கலவை கொஞ்சம் வறண்டுபோகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் மிதவை அறை பேக்கிங்கையும் எத்தனால் ஊற வைக்கும். அவற்றை மாற்றி, டேப்பெட், பிளக், டைமிங் மூன்றையும் பார்த்து முடித்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருப்புவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.