லெஃப்ட் கார்னர் யாருக்கு?

போன ஞாயித்துக்கிழமை ஒரகடம் பக்கத்துல நடந்த நைட் கபடியைப் பார்த்தவங்களுக்கு விஷயம் தெரியும். நம்ம மெக்கானிக்கல் ஃபர்ஸ்ட் இயர் தம்பி அவன் ஊர் டீமுக்கு லெஃப்ட் கார்னர் நின்னான். ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி யூனிஃபார்மோட வந்த சிப்காட் அண்ணன்கள் எல்லாம் ஒவ்வொரு பிடிக்கும் விசிலடிச்சாங்க. ஆங்கிள் ஹோல்ட் போட்டான்னா ரைடர் நகர முடியாது. அன்னைக்கு ராத்திரியே ஹாஸ்டல் குரூப்ல தீர்ப்பு வந்தாச்சு: ஜோனலுக்கு இவன்தான், ஃபைனல் இயர் அண்ணன் வெளியே.

தம்பியை எடுக்கணும்னுதான் நானும் சொல்றேன். ஆனா அண்ணனைத் தூக்கிட்டு அந்த இடத்துல அப்படியே இவனை நிறுத்தினா நாம தோப்போம்.

நம்ம டீம்ல தனியாப் பிடிக்கிற ஆள் கிடையாது. கார்னரும் அவன் பக்கத்துல நிக்கிற இன்-னும் கை கோத்துக்கிட்டு, ரைடர் போனஸுக்குக் கால் நீட்டுற வரைக்கும் பொறுமையா நிப்பாங்க. தம்பிக்கு அந்தப் பொறுமை இல்லை. ரைடர் திரும்புறதுக்குள்ள கையை உதறிட்டுப் பாய்வான். மாட்டினா அட்டகாசம். மாட்டலைன்னா அவன் அவுட். பக்கத்துல இருக்கிறவன் வெறுங்கையோட, மொத்த இடது பக்கத்தையும் காவல் காக்கணும்.

உடனே, "ஷாட்லூயியும் அப்படித்தானே பாயுறான்?" என்பீங்க. சரி, அவனையே எடுத்துப்போம். ஈரான்காரர் முகமதுரெசா ஷாட்லூயி, புரோ கபடி 8-வது சீசன்ல பாட்னாவுக்கு 89 டேக்கிள் பாயின்ட். பாட்னா ஃபைனல் வரைக்கும் போய் 36-37-னு டெல்லிகிட்ட ஒரே பாயின்ட்ல தோத்தது. அடுத்த சீசன், அதே பாட்னா, 84 பாயின்ட். பெரிய வித்தியாசமா? டீம் பிளே ஆஃபுக்கே போகலை. 10-வது சீசன்ல 2.35 கோடிக்கு புனேரி பல்தான் வாங்கினாங்க, கப் அடிச்சாங்க. அங்க அவன் பாய்ஞ்சு தவறினாலும் கவர்ல நம்ம தமிழ்நாட்டுப் பையன் அபினேஷ் நடராஜன் மாதிரி ஆட்கள் பதறாம நின்னாங்க. (நம்ம பையன் அங்க கப் அடிக்கிறான், தலைவாஸ் இங்க வேடிக்கை பார்க்குது. அந்தப் புலம்பலை இன்னொரு இதழ்ல வெச்சுக்கலாம்.) 11-ல ஹரியானா, மறுபடி கப். 12-ல குஜராத் 2.23 கோடி கொடுத்தாங்க. முதல் எட்டு இடத்துக்குள்ளகூட வரலை. அதே கால், அதே பாய்ச்சல்தான். சுத்தி நிக்கிற ஆறு பேர்தான் ஒவ்வொரு தடவையும் வேற.

இதுக்கு நேர் எதிரா 2022 தலைவாஸ் சீசன். 2.26 கோடிக்கு வாங்கின பவன் செஹ்ராவத் முதல் மேட்ச்லயே முட்டியில அடிபட்டு சீசனை விட்டே போயிட்டார். நரேந்தர் ரைடுல எழுந்து நின்னான், பின்னாடி சாகர், சாஹில் குலியா, மோஹித், அபிஷேக்னு பழகின டிஃபென்ஸ் இருந்தது. டீம் முதல் தடவையா செமி ஃபைனல் போச்சு.

அதனால என் யோசனை இது: தம்பி லெஃப்ட் கார்னர், அண்ணன் அவன் பக்கத்துல லெஃப்ட் இன். எப்போ பாயலாம், எப்போ நிக்கணும்னு கையைப் பிடிச்சு இழுத்துச் சொல்ல அண்ணனால மட்டும்தான் முடியும். மூணு வருஷமா அந்தப் பக்கத்தைக் காத்தவர். இது அவருக்குக் கடைசி ஜோனல் வேற.

இப்போ லெஃப்ட் இன்-ல இருக்கிறவன் என்ன ஆவான்னு கேப்பீங்க. பெஞ்சுக்குப் போவான். அது நான்தான். எழுதும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது, ஆனா தம்பி கையை உதறிட்டுப் பாய்ஞ்சா அவனைத் திருப்பி இழுக்கிற தெம்பு எனக்கு இல்லை. பிராக்டிஸ்ல மூணு தடவை பார்த்துட்டேன்.

ஜோனலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நாளைக்கு சாயங்காலமே அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து நிறுத்துங்க. எதிர்ல ரைடு வர ஒரு ஆள் வேணும்னா நான் வர்றேன்.