சுவைக்கும் நாவும் பசிக்கும் வயிறும்

விருந்து ஆண்டுக்கு ஒருநாள் வரும். பசி நாள்தோறும் வரும். இந்த எளிய கணக்கை மறந்து குழந்தைகளின் பசியைத் தீர்க்கப் புறப்படுவோர், எத்துணை நல்லெண்ணம் படைத்தவராயினும், இறுதியில் தம் மனத்தை மட்டுமே நிறைத்துக்கொண்டு வீடு திரும்புவர். மேலை நாட்டில் தோன்றி நம் நகரங்களிலும் காணப்படுகின்ற 'அறக்கொடைச் சுவை விருந்து' என்னும் வழக்கத்தைப் பற்றித் தமிழாசிரியரும் மாணவரும் சிந்தித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுவை விருந்து என்பது யாது? பெரிய விடுதியின் மண்டபத்தில் பேர்பெற்ற சமையற்கலைஞர்கள் ஆளுக்கொரு மேசை அமைத்துத் தம் கைவண்ணத்தைச் சிறு சிறு தட்டுகளில் எடுத்து வைப்பர். மதுவகைகளும் அளவாக ஊற்றி வைக்கப்படும். நுழைவுச்சீட்டு வாங்கியோர் மேசைதோறும் சென்று ஒவ்வொன்றிலும் ஒரு வாய் சுவைப்பர். சீட்டு விற்ற பணம் பசித்த குழந்தைகளுக்குச் சேரும் என்பது ஏற்பாடு.

சில ஆண்டுகளுக்கு முன், ஜொகூர் பாருவில் நடந்த அத்தகைய மாலை ஒன்றுக்கு நண்பரொருவர் தம்மிடம் மிஞ்சிய சீட்டைக் கொடுத்து என்னை அழைத்துச் சென்றார். அதன் விலை, என் மாணவர் பலருடைய தந்தையர் நான்கு நாள் உழைத்துப் பெறும் கூலிக்கு ஒப்பாகும். மேடையின் பின்திரையில் வெறுந்தட்டு ஏந்திய ஒரு சிறுமியின் படம். அப்படத்தின் கீழே நின்றுகொண்டு, எந்த இறால் நன்று, எந்த மது நன்று என்று அன்பர்கள் அளவளாவிக்கொண்டிருந்தனர். இரவு பத்து மணிக்குப் பணியாளர்கள் வந்து, மிஞ்சிய உணவையெல்லாம் கறுப்புப் பைகளில் கொட்டிக் கட்டினர்.

இரண்டு நாள் கழித்து, என் பள்ளியில் காலைச் சபைகூடலின்போது மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். முகத்தில் நீர் தெளித்து எழுப்பி, "காலையில என்னப்பா சாப்பிட்டே?" என்று கேட்டேன். "அம்மா நாலு மணிக்கே சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டாங்க சார்" என்றான். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வறிய மாணவர்க்கான உணவுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. தாயின் சம்பளம் ஏட்டில் வரம்பைத் தாண்டியிருந்தது. விடுதியின் பின்திரையிலும் அவனுக்கு இடமில்லை. அவன் கையில் வெறுந்தட்டு இல்லை, புத்தகப் பைதான் இருந்தது.

பசி என்றால் எத்தியோப்பியாவின் பஞ்சம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். நம் நாட்டின் நிலையைச் சற்று நோக்குவோம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்பதைக் கண்டது. அஃதாவது ஐவரில் ஒருவருக்கும் மேல். கோலாலம்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த மலிவு விலை அடுக்குமாடிகளை ஆராய்ந்து யுனிசெப் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு கிட்டவில்லை என்று கூறிற்று. இந்நாட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. கடைத்தெருவில் இரவெல்லாம் உணவு விற்கிறார்கள். அத்தகைய நாட்டில் பிள்ளைகள் குன்றி வளர்கின்றனர் என்றால், குறை விளைச்சலில் இல்லை, பகிர்வில் இருக்கிறது. பகிர்வின் குறையை ஒரு மாலை விருந்து எங்ஙனம் தீர்க்கும்?

இவ்வழக்கம் பிறந்த நாட்டின் பட்டறிவே இவ்வினாவுக்கு விடை தருகிறது. 1984இல், எத்தியோப்பியப் பஞ்சத்தைக் கண்டு மனம் நொந்த பில் ஷோர், டெபி ஷோர் என்னும் உடன்பிறப்புகள் அமெரிக்காவில் 'ஷேர் அவர் ஸ்ட்ரெங்த்' என்னும் அமைப்பை நிறுவினர். 1988இல் 'டேஸ்ட் ஆஃப் தி நேஷன்' என்ற பெயரில் நகரந்தோறும் சுவை விருந்துகளை நடத்தத் தொடங்கினர். சமையற்கலைஞர்கள் தம் உழைப்பை இலவசமாக ஈந்தனர், பெரும்பொருள் திரண்டது, பசித்தோர்க்கு உதவும் அமைப்புகளுக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆயினும் பசி ஒழியவில்லை. ஆகவே 2010இல் அவ்வமைப்பினர் 'நோ கிட் ஹங்ரி' என்னும் இயக்கத்தைத் தொடங்கித் தம் ஆற்றலை வேறு திசையில் திருப்பினர். அரசின் பள்ளிக் காலையுணவும் கோடை விடுமுறை உணவும் எல்லாப் பிள்ளைகளையும் எட்டச் செய்வதே அவ்வியக்கத்தின் முதன்மைப் பணியாயிற்று. பள்ளி தொடங்குமுன் உணவுக்கூடத்துக்குத் தனியே வரக் கூசும் பிள்ளைகள் இருப்பதைக் கண்டு, மணி அடித்த பின் வகுப்பறையிலேயே அனைவருக்கும் உணவு வழங்குமாறு பள்ளிகளைத் தூண்டினர். விருந்தைத் தொடங்கியவர்களே கற்றுக்கொண்ட பாடம் இது. நாமோ அவர்களுடைய விருந்தைப் பார்த்தோம். அவர்கள் கற்ற பாடத்தைப் பார்க்கவில்லை.

நம் நாட்டில் 1970களின் இறுதியில் தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டம் இன்றும் நடைபெறுகிறது. அதனால் பயன்பெற்ற மாணவர் பல இலட்சம். அதனைக் குறைத்துப் பேசுதல் நன்றிக்கேடாகும். ஆனால் அது தெரிந்தெடுத்த மாணவர்க்கே உரியது. யார் வறியவர் என்று ஆசிரியர் பட்டியல் எழுத வேண்டும், பெயர் அழைக்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து செல்ல வேண்டும், ஏனையோர் பார்த்துக்கொண்டிருப்பர். ஏழு வயதுக் குழந்தையின் நெற்றியில் 'ஏழை' என்று எழுதியபின் கையில் சோற்றைக் கொடுப்பது முழுமையான அறமாகுமா? 2019இல் அந்நாள் கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக், மறு ஆண்டு முதல் தொடக்கப்பள்ளி மாணவர் 27 இலட்சம் பேருக்கும் காலையுணவு இலவசமாக வழங்கப்படும் என்று அறிவித்தார். 2020 சனவரியில் அவர் பதவி விலகினார். எல்லாருக்கும் என்று அறிவிக்கப்பட்ட திட்டம், தெரிந்தெடுத்தோர்க்கான பழைய திட்டத்தின் விரிவாக்கமாகச் சுருங்கிற்று. அன்று எத்தனை சங்கங்கள் குரல் எழுப்பின? எத்தனை எழுத்தாளர் பேனா எடுத்தனர்? என்னையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஜொகூருக்கு இத்திட்டத்தின் தேவை தனிச்சிறப்பானது. பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உழைக்கும் பெற்றோர் விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். ஸ்கூடாயிலும் மாசாயிலும் எத்தனையோ வீடுகளில் பத்து வயது அக்காள் எட்டு வயதுத் தம்பியைத் தானே எழுப்பி, முகம் கழுவி, பள்ளிப் பேருந்தில் ஏற்றுகிறாள். வருமானப் பட்டியல் இக்குழந்தைகளைக் காணாது. ஓய்வு நாள்களின் கதையும் ஒன்றுண்டு. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் ஓய்வு நாள்களாக இருந்தன. 2025 சனவரி முதல் நாளிலிருந்து சனியும் ஞாயிறும் ஆயின. அதைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். எந்நாள் ஓய்வு நாளாயினும் அந்நாளில் பள்ளித் தட்டு கிடையாது என்பதைப் பேசியவர் மிகச் சிலரே.

இனி மதுவைப் பற்றி ஒரு சொல். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை வைத்த வரலாறு நம் முன்னோரின் வரலாறு. கூலி நாளில் தந்தையின் கையிலிருந்த பணம் வீடு வந்து சேருமுன் கடை வந்து சேர்ந்தது, அடுப்பு அணைந்தது. அக்கடைகளின் இலாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதியும் ஒதுக்கப்பட்டது. பிள்ளையின் சோற்றைக் குடித்துவிட்டு அப்பிள்ளைக்கே நலம் செய்யும் விந்தையான அறம் அது! நம் தொழிலாளர் அதனை ஏற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. எழுதப் படிக்க வாய்ப்பற்ற அம்மக்கள் கண்டதைக் கற்றவர்களாகிய நாம் மறக்கலாமா? மதுக்கிண்ணத்தைக் கையிலேந்திக் குழந்தைப் பசிக்கு நிதி திரட்டும் காட்சி, வேறு யாருக்கு இயல்பாகத் தோன்றினும், தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தவனுக்கு இயல்பாகத் தோன்றாது.

தமிழ் மரபில் பசி தீர்த்தல் எவ்வாறு போற்றப்பட்டது? அமுதசுரபியை ஏந்திய மணிமேகலை, ஆதிரையிடம் முதற்பிச்சை பெற்றாள்; யானைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்திய காயசண்டிகையின் துயரைத் தீர்த்தாள்; பின்னர்ச் சிறைக்கோட்டம் புகுந்து அங்கிருந்தோர்க்கு உணவளித்தாள். அத்துடன் அவள் அமைதியடைந்தாளா? இல்லை. வியந்து அழைத்த சோழ மன்னனிடம், அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு வேண்டினாள், மன்னனும் இசைந்தான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையிலிருந்தும் அரசனிடம் சென்று நிலையான ஏற்பாட்டைக் கேட்டாள் என்பதே இக்காப்பியத்தை வகுப்பறையில் கற்பிக்கும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அங்கே உண்பவனிடம் யாரும் வருமானம் கேட்பதில்லை.

பிற்காலத் தமிழகமும் இந்நெறியிலேயே சென்றது. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் மதிய உணவைப் பரப்பினார். ஊரார் கொடையும் அரசின் பங்கும் சேர்ந்தே அன்று உலை கொதித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலையுணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் ஏறத்தாழ 1.14 இலட்சம் பிள்ளைகள் பயன்பெற்றனர். 2023 ஆகஸ்டில் அது மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு நீண்டது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, தட்டு மட்டும் எடுபடவில்லை. ஏன்? அது ஒருவருடைய கொடை என்ற நிலை கடந்து பிள்ளைகளின் உரிமையாகிவிட்டது. உரிமையைப் பறிக்க எந்த ஆட்சியும் அஞ்சும்.

"அரசு செய்யும்வரை நாங்கள் கைகட்டி நிற்பதா?" என்று விருந்து நடத்துவோர் வினவலாம். வினா நேரியதே, விடையும் நம் கண்முன் இருக்கிறது. 2021இல், நோய்த்தொற்றின் கொடுமையால் வேலையிழந்த குடும்பங்கள் தம் வீட்டு வாயிலில் வெள்ளைக் கொடி கட்டின. கொடியைக் கண்ட அண்டை அயலார், இனம் பாராமல், சமயம் பாராமல், அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தனர். அதற்கு நுழைவுச்சீட்டு இல்லை, மேடை இல்லை. ஆகவே ஈகையை நிறுத்துங்கள் என்று நான் கூறவில்லை. ஈவோனின் நாவை நடுவில் வைத்து, பசித்தவனின் வயிற்றைப் பின்திரையில் தொங்கவிடும் முறையை நிறுத்துங்கள் என்றே கூறுகிறேன்.

விருந்தினரைச் சாடிவிட்டு நம் வீட்டைப் பாராதிருத்தலும் நேர்மையன்று. நம் ஆலயங்களில் திருவிழாதோறும் அன்னதானம் பெருகுகிறது. உண்ட வயிறே மீண்டும் உண்கிறது. அதே தெருவில் உள்ள தமிழ்ப்பள்ளியில் காலையுணவின்றி அமர்ந்திருக்கும் பிள்ளையை ஆலய நிருவாகம் அறியாது. நம் சங்கங்களின் ஆண்டு விருந்துகளிலும் மாலையும் பொன்னாடையும் குறைவதில்லை. திருவிழாவின் ஒருநாள் உலையை ஆண்டு முழுவதற்கும் பங்கிட்டால் எத்தனை காலைகள் நிறையும் என்று யாரேனும் கணக்கிட்டதுண்டா?

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவது, குழந்தைப் பசியின் பெயரால் விருந்து நடத்துவோர், திரண்ட பணம் எவ்வளவு, மண்டபத்துக்குச் சென்றது எவ்வளவு, பிள்ளையின் தட்டைச் சென்றடைந்தது எவ்வளவு என்னும் கணக்கை வெளியிடுக. இரண்டாவது, அப்பணத்தை ஒரு நாள் பொட்டலமாக்கிப் படம் எடுக்காமல், ஒரு பள்ளியைத் தேர்ந்து ஓராண்டின் எல்லாக் காலைகளுக்கும் பொறுப்பேற்க; எந்தப் பிள்ளையின் முகமும் எந்தத் திரையிலும் வேண்டா. மூன்றாவதே தலையாயது: 2020இல் கைநழுவிய அனைவர்க்குமான காலையுணவை மீண்டும் கேட்போம். ஆசிரியர் கேட்கட்டும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்கட்டும், எழுத்தாளர் எழுதட்டும். மணிமேகலை மன்னனிடம் கேட்கக் கூசவில்லை. மக்களாட்சியில் வாழும் நாம் ஏன் கூச வேண்டும்?

மாணவச் செல்வங்களே, பக்கத்து இருக்கை நண்பன் இடைவேளையில் நூலகத்துக்கே செல்கிறான் எனில், அவன் படிப்பார்வத்தைப் பாராட்டுமுன் அவன் பையில் உணவு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களே, நாளைக் காலை பள்ளி மணி அடிக்கும்; பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்வர். அவர்களுள் உண்ணாமல் வந்தவர் யார் என்பதைப் பிறர் அறியாமல் கேட்டறியுங்கள். அவ்வெண்ணிக்கையை எழுதி வையுங்கள். காலையுணவு கேட்டு நாம் விடுக்கவிருக்கும் விண்ணப்பத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.