சாலைக்கும் நாடி பார்க்க வேண்டும்

தெருவில் தார்ச்சாலை போடுவதை நீங்கள் வேடிக்கை பார்த்திருப்பீர்கள். சூடான தார்க் கலவையின் நெடி, ரோடு ரோலரின் கடகட ஓசை, மறுநாள் காலையில் கருகருவென்று மின்னும் புதுச் சாலை! எங்கள் தெருவிலும் அப்படித்தான் போட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தெருமுனையில் முதலைத் தோல் போல வெடிப்புக் கண்டது. பிறகு அது பெயர்ந்து, சைக்கிளை மடக்கிப் போடும் பள்ளமாயிற்று. அதன் மேலேயே மீண்டும் தார் ஊற்றினார்கள். மறு ஆண்டு அதே இடத்தில் அதே பள்ளம். சாலை உயர்ந்ததுதான் மிச்சம். எங்கள் வாசற்படி தாழ்ந்து போயிற்று.

வேலை சரியில்லை என்று எல்லாரும் திட்டினார்கள். இருக்கலாம். ஆனால் பள்ளம் ஏன் அந்த இடத்திலேயே விழுகிறது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாடி பார்க்காமலே மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா?

கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் பரப்பு சாலையின் தோல் மட்டுமே. அதன் கீழே ஜல்லி அடுக்குகள், அவற்றின் கீழே மண். சக்கரம் ஓரிடத்தில் அழுத்தும் பாரத்தை அடுக்குகள் பரப்பிப் பரப்பி மண்ணிடம் ஒப்படைக்கின்றன. கடைசியில் சுமப்பது மண்தான். அது எவ்வளவு சுமக்கும் என்று அறிய, கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் பிறந்த ஒரு சோதனை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இறுக்கிய மண்ணை நான்கு நாள் நீரில் ஊற வைத்து, ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தண்டு ஒன்றை அதனுள் மெல்ல அழுத்துகிறார்கள். நல்ல ஜல்லிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், நனைந்த கரிசல் மண் வாங்குவது இரண்டோ மூன்றோதான்! ஏன் ஊற வைக்க வேண்டும் என்கிறீர்களா? சாலைக்கு வரக்கூடிய மிக மோசமான நாளை, சாலை போடுவதற்கு முன்பே பார்த்துவிடத்தான்.

மண் தெரிந்தால் போதாது, மேலே ஓடும் பாரமும் தெரிய வேண்டும். இதற்காக அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகருக்கு அருகில், 1958 முதல் 1960 வரை ஒரு மாபெரும் பரிசோதனை நடந்தது. சாலைகளை வளையங்களாக அமைத்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை வெவ்வேறு கனத்தில் கட்டினார்கள். ராணுவ வீரர்கள் லாரிகளை இரண்டு ஆண்டுகள் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஏறத்தாழ 11 லட்சம் முறை அச்சுகள் சாலையை மிதித்தன. எந்தத் துண்டு எப்போது சாகிறது என்று பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டே வந்தார்கள். சாலையை அழிப்பதற்கென்றே சாலை போட்டவர்கள் அவர்கள்!

சாலை "நன்றாக இருக்கிறது" என்பதை எப்படி அளப்பது என்ற கேள்வியும் அப்போது எழுந்தது. விடை எளியது. ஒரு குழுவினரைக் காரில் ஏற்றிப் பல சாலைகளில் அனுப்பி, பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு அந்த மதிப்பெண்களைக் கருவிகள் காட்டிய மேடுபள்ள அளவுகளோடு ஒப்பிட்டுச் சூத்திரம் அமைத்தார்கள். பயணியின் முதுகெலும்பும் ஓர் அளவுகோலாயிற்று. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அந்தப் பரிசோதனையில் கிடைத்த பெரிய உண்மை, "நான்காம் அடுக்கு விதி". அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, சுமார் 16 மடங்கு! காகிதம் எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு டன் காரின் ஓர் அச்சு அழுத்துவது அரை டன். பத்து டன் அச்சு அதைப் போல் 20 மடங்கு. இருபதை நான்கு முறை பெருக்கினால் 1,60,000. அத்தனை கார் அச்சுகள் செய்யும் சேதத்தை லாரியின் ஒரே அச்சு செய்துவிடும். 2018இல் நம் நாட்டில், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதித்த எடை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. எடை கூடியது 13 சதவீதம். இந்த விதிப்படி சேதம் 60 சதவீதத்துக்கும் மேல். லாரிக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே அரிசியைக் குறைந்த நடையில் கொண்டுவரலாம் என்பது நல்ல லாபம்தான். அந்த லாபத்தில் ஒரு பங்கு சாலைக்கும் சேர வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் இல்லினாய் விடையை அப்படியே காப்பியடித்தால் நாம் தேற மாட்டோம். அங்கே ஒரே வகை மண். குளிர்காலத்தில் அது உறையும், வசந்தத்தில் இளகும். கோவில்பட்டிக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஐப்பசி மழையில் உப்பும். இந்த மண்ணை நாம்தான் சோதிக்க வேண்டும். 1952இல் டில்லியில் தொடங்கிய மத்திய சாலை ஆராய்ச்சி நிலையமும், நம் கிண்டியில் உள்ள நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இதற்காகத்தான்.

போட்ட சாலைக்கும் நாடி பார்க்கலாம். பெங்கல்மேன் என்னும் அமெரிக்கர் 1950களில் செய்த கருவி நீங்கள் படிக்கும் நெம்புகோல்தான். அதன் நீண்ட கையின் நுனியை லாரியின் இரட்டைப் பின்சக்கரங்களுக்கு நடுவே வைப்பார்கள். லாரி நகர்ந்ததும், அமுங்கிய சாலை மெல்ல மேலெழும். அந்த எழுச்சியை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை முள் காட்டும். அதிகம் அமுங்கும் சாலை, மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே நோயாளி. இப்போது எடையை விழவைத்து அதிர்வை அளக்கும் நவீனக் கருவிகளும் வந்துவிட்டன.

இவை பெரிய நெடுஞ்சாலைகளில் பயன்படுகின்றன. எங்கள் தெருவில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. சோதனைக்கு ஏது பணம் என்பார்கள். ஒரே பள்ளத்தை மூன்று முறை மூடப் பணம் எங்கிருந்து வந்தது? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலைப் பள்ள விபத்துகளில் 1,856 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுத்த மழை விட்டதும், சாலை ஓரமாக நின்று உங்கள் தெருவைப் பாருங்கள். நீர் வடியாத இடங்களையும், சக்கரத் தடத்தில் முதலைத் தோல் வெடிப்பு உள்ள இடங்களையும் நோட்டில் படம் போட்டுத் தேதியுடன் குறியுங்கள். மூன்று மாதம் கழித்துப் பள்ளம் எங்கே விழுந்தது என்று ஒப்பிடுங்கள். பெரியவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நோட்டை வார்டு உறுப்பினரிடம் காட்டி, "மறுபடி தார் ஊற்றுவதற்கு முன் என்ன சோதனை செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.